கிற்றாருக்கும் முதலாம் காலம் உண்டு

கொழும்பில் வாழும் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இசை பயிற்ற எண்ணினால், முன்னைய நாள்களில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றுள் ஒன்றையே பெரும்பாலும் தெரிவு செய்வர். இப்பொழுது அந்த வரிசையில் கிற்றாரும் இடம் பிடித்துவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடப்பவர்கள், கறுப்பு உறையிட்ட கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு விரையும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். லண்டன் ட்ரினிற்றி கல்லூரியோ, அசோசியேற்றட் போர்ட் எனப்படும் பிரித்தானிய இசைச் சபையோ நடத்தும் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் இவர்களுள் பலர்.

கொட்டாஞ்சேனையில் கதை சற்று வேறு. அங்கே கிற்றார் தேவாலயப் பாடகர் குழுவின் வழியாக வீட்டுக்குள் வந்த வாத்தியம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) திருவழிபாட்டைத் தாய்மொழியில் நடத்த வழிவிட்ட பின்னர், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கிற்றாரும் வந்து அமர்ந்தது. அண்ணன் வாசிப்பதைப் பார்த்துத் தம்பி பழகுகிறான். பரீட்சையும் இல்லை, பாடநூலும் இல்லை. கேள்விஞானமே குரு.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும் பணி என் பங்குக்கு அடிக்கடி வந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் பிள்ளைகளின் மேடைகளுக்குச் செல்வதை நான் விட்டுவிடவில்லை. இந்த இரண்டு வட்டாரத்துப் பிள்ளைகளையும் கேட்டதில் எனக்குப் புலப்பட்டது ஒன்றே. வெள்ளவத்தைப் பிள்ளையின் இடக்கை நன்றாகப் படித்திருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் காது நன்றாகப் படித்திருக்கிறது. இருவருடைய வலக்கையும் பள்ளிக்கூடம் போகவில்லை.

இது சிறிய குறையன்று. கிற்றாரில் எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை இடக்கை தீர்மானிக்கிறது. அந்தச் சுரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை வலக்கையே தீர்மானிக்கிறது. வாத்தியத்தின் குரல் வலக்கையில் இருக்கிறது. அக்குரல் பண்படும் முறையான பயிற்சிக்குத்தான் ஆர்பெஜியோ என்று பெயர். ஒரு சுரக்கூட்டின் சுரங்களை ஒருசேர அடிக்காமல், விரல் விரலாக, ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவது அது. 'ஆர்ப்பா' என்பது இத்தாலிய மொழியில் யாழ் போன்ற வாத்தியத்தின் பெயர். அதிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு யாழை மீட்டுவது போல் மீட்டுதல் என்றே பொருள். யாழ் வளர்த்த இனத்தவராகிய நமக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் விடயம் விளங்கும். கிற்றார் பழகும் எவரும் சீக்கிரமே வாசிக்க ஆசைப்படும் உருப்படி, 'ரொமான்ஸ்' என்ற பெயருடைய ஸ்பானிய இசை. யார் இயற்றியது என்பது உறுதியாகாத அந்த உருப்படியை, 1952இல் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றில் நார்சிஸோ யேப்பெஸ் வாசித்ததன் பின்னர் உலகமே முணுமுணுத்தது. அதில் மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என மும்மூன்றாகச் சுரங்கள் உதிர்கின்றன. பெருவிரல் கீழ்ச்சுரத்தைத் தாங்குகிறது. பாட்டு என்பது மோதிரவிரல் மீட்டும் முதல் நரம்பில் மட்டுமே இருக்கிறது. மற்றவை அதற்குத் துணை. நம் பிள்ளைகள் வாசிக்கும்போது என்ன நிகழ்கிறது? பெருவிரல் இடிக்கிறது, சுட்டுவிரல் முந்துகிறது, பாட்டைச் சுமக்க வேண்டிய மோதிரவிரலின் ஒலி உள்ளே அமுங்கிப் போகிறது. ஒரு சுரமும் பிசகவில்லை. ஆயினும் பாட்டைக் காணோம்.

மோதிரவிரல் பின்தங்குவதற்கு உடலமைப்பில் காரணம் உண்டு. புறங்கையில் நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் ஆகியவற்றை நீட்டும் தசைநாண்களை இணைக்கும் குறுக்கு இழைகள் இருக்கின்றன. ஆகையால் மோதிரவிரல் தனித்து இயங்க எளிதில் இசைவதில்லை. கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் மடித்துக்கொண்டு மோதிரவிரலை உயர்த்திப் பாருங்கள். இயற்கை நமக்கு விதித்த எல்லை தெரியும். விரல்களை மடக்கும் பெரிய தசைகளோ விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் இருக்கின்றன. எனவே விரலுக்குப் பலம் ஊட்டுகிறேன் என்று அழுத்தி அடிப்பதால் பயன் இல்லை. வேண்டுவது பலம் அன்று, ஒழுங்கு. ஒழுங்கு வேகத்தில் பிறப்பதில்லை.

இதனை மேலைநாட்டார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். இத்தாலியில் பிறந்து வியன்னாவில் புகழ்பெற்ற மௌரோ ஜுலியானி, தமது முதலாம் இலக்க வெளியீடாக 1812இல் வெளியிட்ட பயிற்சி நூலில், வலக்கைக்கென்று மட்டும் 120 பயிற்சிகளை வகுத்தார். அவற்றில் இடக்கைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. 'சி' என்ற சுரக்கூட்டையும் 'ஜி ஏழு' என்ற சுரக்கூட்டையும் மாறி மாறிப் பிடித்தால் போதும். கவனம் முழுவதும் வலக்கைக்கு. பின்வந்தோர் இதனை மேலும் நுணுக்கினர். உருகுவே நாட்டின் ஆபெல் கார்லெவாரோ வலக்கை ஆர்பெஜியோவுக்கென்றே தனியொரு பயிற்சி ஏடு எழுதினார். பிரேசிலின் வில்லா லோபோஸ் 1929இல் முடித்த பன்னிரண்டு பயிற்சி உருப்படிகளில் முதலாவது, தொடக்கம் முதல் ஏறத்தாழ இறுதிவரை ஒரே வலக்கைக் கோலத்தைச் சுற்றி இயங்குவது. இவர்களெல்லாரும் மேதைகள். அவர்களே வலக்கைக்குத் தனியாகப் பாடம் எழுதினார்கள் என்றால், வாரத்தில் ஒரு மணி நேரம் கற்கும் நம் பிள்ளைக்கு அது வேண்டாமா?

பரீட்சையில் ஆர்பெஜியோ இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அங்கே அப்பெயரால் கேட்கப்படுவது வேறு. ஒரு சுரக்கூட்டின் சுரங்களைச் சுரவரிசை போல் ஏற்றி இறக்கி வாசிப்பது அது. வலக்கையில் பெரும்பாலும் இரண்டு விரல்கள் மாறி மாறி மீட்டினால் முடிந்துவிடும். நான்கு விரல்களும் தத்தம் நரம்பில் நின்று நெய்யும் வலக்கைக் கோலங்கள் அதிலிருந்து தாமாக வருவதில்லை. ஒரு சொல்லுக்கு இருக்கும் இந்த இரண்டு பொருளே பல வீடுகளில் ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. சான்றிதழில் ஆர்பெஜியோவுக்குப் புள்ளி கிடைத்துவிட்டது. கை மட்டும் அறியவில்லை.

நான் வலியுறுத்த விரும்பும் கருத்துக்கு இப்போது வருகிறேன். இந்த நோய்க்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. கர்நாடக இசையில் சரளி வரிசை தொடங்கும் பிள்ளைக்கு ஆசிரியர் முதலில் தருவது முதலாம் காலம். தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். அது செம்மைப்பட்ட பின்னர் இரண்டாம் காலம், இரட்டிப்பு. அதன் பின்னரே மூன்றாம் காலம், நான்கு மடங்கு. முதலாம் காலத்தில் பிசகுபவன் மூன்றாம் காலத்தில் திருந்துவான் என்று எந்த ஆசிரியரும் நம்புவதில்லை. வீணை பயிலும் பிள்ளை வலக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒத்து மீட்டவும், சின்னவிரல் பக்கசாரணி நரம்புகளில் தாளம் காட்டவும் மாதக்கணக்கில் பொறுமையோடு பழகுகிறது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வீணை பயிலும் அதே பிள்ளை, அடுத்த ஒழுங்கையில் உள்ள கிற்றார் வகுப்புக்குப் போனதும் அந்தப் பொறுமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறது. யூரியூப் காணொளியில் கண்ட வேகம் முதல் வாரமே தன் கைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறது. வீட்டாரும் விரும்புகின்றனர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் நரம்பைக் கையாளும் எட்டு வகைக் கரணங்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் உறழ்தல் என்பதற்குப் பழைய உரை தரும் விளக்கம், நரம்புகளை ஒன்று இடையிட்டும் இரண்டு இடையிட்டும் ஆராய்தல் என்பதாகும். கிற்றார் ஆசிரியர் நரம்பு தாண்டுதல் என்று இன்று சொல்லிக் கொடுப்பதும் அதன் அயலில் நிற்பதே. இராமகிருஷ்ண மிஷன் துறவியும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியருமான விபுலாநந்த அடிகள், தாம் மறைந்த 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை நமக்குத் தந்து சென்றார். கைத்தொழில் பற்றிய இந்தக் கலைச்சொற்களின் செல்வத்தை அவர் மீட்டெடுத்தது நூலகத்தில் பூட்டி வைப்பதற்காக அன்று என்றே நான் கருதுகிறேன்.

எனவே நடைமுறையில் செய்யத்தக்கது என்ன? வல்ல ஆசிரியர்கள் சொல்லக் கேட்டதையும், நல்ல பயிற்சி நூல்கள் ஒருமித்துக் கூறுவதையும் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு நாளும் பயிற்சியின் முதற் பத்து நிமிடம் வலக்கைக்கே உரியது. இடக்கை மடியில் ஓய்ந்திருக்கட்டும். பெருவிரலை ஐந்தாம் நரம்பிலும், சுட்டுவிரலை மூன்றாம் நரம்பிலும், நடுவிரலை இரண்டாம் நரம்பிலும், மோதிரவிரலை முதல் நரம்பிலும் ஓசையின்றி வைக்க வேண்டும். மணிக்கட்டு மடியக்கூடாது. தோள் உயரக்கூடாது. பெருவிரல் மற்ற விரல்களுக்கு முன்னே, கிற்றாரின் கழுத்துப் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். சின்னவிரல் விறைத்து நிற்காமல் மோதிரவிரலோடு சேர்ந்து அசையட்டும். விரலின் அசைவு நுனியில் தொடங்காமல், கையோடு சேரும் அடிமூட்டில் தொடங்கி உள்ளங்கையை நோக்கிச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, ஏறும் கோலம். நான்கு விரல்களையும் ஒருசேர நரம்புகளில் பதித்து, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என ஒவ்வொன்றாக மீட்டுவது. மீண்டும் பதிக்கும்போது ஒலி ஒரு கணம் அறும். தொடக்கத்தில் அது இயல்பே. இறங்கும் கோலத்தில் முறை மாறும். அங்கே எல்லா விரலையும் ஒருசேரப் பதித்தால் ஒலிக்கும் நரம்பை நாமே அடக்கிவிடுவோம். ஆகையால் ஒரு விரல் மீட்டும் அதே கணத்தில் அடுத்த விரல் தன் நரம்பில் போய் அமர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து அறிந்து பழகினாலே பாதித் தடுமாற்றம் நீங்கும்.

மூன்றாவது, காலப் பிரமாணம். மெற்றோனோம் என்னும் தாளக்கருவியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். இதுவே முதலாம் காலம். ஒரு வாரமேனும் அதில் நிற்க வேண்டும். பின்னர் தட்டுக்கு இரண்டு, அதன்பின் நான்கு. தட்டின் வேகத்தைக் கூட்டுவது இதற்கெல்லாம் பிறகு.

நான்காவது, சமநிலை. ஒரு நாள் சுட்டுவிரலுக்கும், மறுநாள் நடுவிரலுக்கும், அதற்கடுத்த நாள் மோதிரவிரலுக்கும் வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்துப் பழகலாம். பின்னர் எல்லாவற்றையும் ஒரே அளவாக மீட்டிக் கைப்பேசியில் பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்த ஒலி எந்த விரலுடையது என்று காது கண்டுபிடித்துவிட்டால் அடுத்த காலத்துக்கு நேரம் வரவில்லை என்று பொருள். இவ்வளவும் ஆன பின்னர் ஜுலியானியின் முதற் சில பயிற்சிகளை எடுத்தால் போதும்.

நகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலையில் நகம் வெட்டச் சொல்கிறார்கள், கிற்றார் ஆசிரியர் வளர்க்கச் சொல்கிறார் என்று இடையில் அகப்பட்டுத் தவிக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் நண்பர்களாக வாழ்ந்த இரு ஸ்பானிய மேதைகளுள் அகுவாதோ நகத்தால் மீட்டினார். சோர் விரற்சதையால் மீட்டினார். இருவரும் சேர்ந்து வாசிக்க 'இரு நண்பர்கள்' என்ற உருப்படியையே சோர் இயற்றினார். தாரேகாவும் தம் இறுதிக் காலத்தில் நகத்தை விடுத்துச் சதையால் வாசித்தவர். ஆகவே நகம் இல்லாத பிள்ளை மனம் தளர வேண்டியதில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் கறுத்து ஒலி மங்கிய கீழ்நரம்புகளை மாற்றாமல் வைத்திருப்பதுதான் இதனிலும் பெரிய கேடு. செத்த நரம்பைப் பேசவைக்கப் பெருவிரல் இடிக்கப் பழகிவிடும்.

வலியை அலட்சியம் செய்யலாகாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். விரலை வருத்தியதால் பியானோ வாசிப்பையே இழந்தவராக ரொபேர்ட் ஷூமானைச் சரித்திரம் காட்டுகிறது. அமெரிக்கக் கிற்றார் கலைஞர் டேவிட் லைஸ்னர், விரல்கள் மூளையின் கட்டளைக்கு இணங்காத நோயால் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்து, கையை இயக்கும் முறையையே மாற்றிக்கொண்ட பின்னர் மீண்டார். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் பிள்ளை முன்கை நோகிறது என்றால், தைலம் பூசிவிட்டுத் தொடர்ந்து வாசிக்கச் சொல்வது நியாயம் அன்று. அன்று பயிற்சியை நிறுத்துவதே நியாயம். நோவு நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறியாதவன் அல்லன். வகுப்புக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் செலுத்தும் பெற்றோர் சான்றிதழை எதிர்பார்ப்பது இயல்பே. உயர்தரச் சான்றிதழ்கள் பிரித்தானியப் பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளி சேர்ப்பவை என்பதும் உண்மை. பரீட்சையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிடம் எந்தப் பரீட்சையையும் கெடுத்துவிடாது. வலக்கை செம்மைப்படாமல் மேற்றரங்களுக்கு ஏறும் பிள்ளைக்கு உருப்படிகள் மலையாகத் தெரிகின்றன. அவ்விடத்தில்தான் பலர் கிற்றாரைச் சுவரில் மாட்டிவிட்டு உயர்தரப் பாடங்களைக் காரணம் காட்டுகின்றனர். பிள்ளைக்குச் சலிப்பு ஏற்படும் என்பது இன்னொரு மறுப்பு. மெதுவாக வாசிப்பதால் சலிப்பு வருவதில்லை. கேளாமல் வாசிப்பதால்தான் வருகிறது.

கிற்றார் மேலைநாட்டு வாத்தியம், அதற்குத் தமிழ் எதற்கு என்போரும் உளர். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கையில் எடுத்தபோது வயலினும் மேலைநாட்டு வாத்தியமே. நம் காலத்தில் மண்டலினை உ. ஸ்ரீநிவாஸ் நம்முடையதாக்கவில்லையா? தமிழில் விளக்கம் இருந்தால் அதிகம் பயன்பெறப் போகிறவன் ஆங்கிலப் பாடநூலை விளங்கிக்கொள்ள இயலாத கொட்டாஞ்சேனைப் பையன். இசைக் காதும் மேடை அனுபவமும் வாய்த்த அவனுக்கு முறை ஒன்றுதான் குறை. அவன் நாளை திருப்பாடலுக்குக் கம்பித்தடவலை விடுத்து ஆர்பெஜியோ வாசித்தால், பாடுவோரின் சொல் தெளிவாகக் கேட்கும். முழுச் சபையும் பயன் அடையும்.

ஆகவே மூவரிடம் மூன்று வேண்டுகோள். ஆசிரியர்களே, வகுப்பின் முதற் பத்து நிமிடத்தை வலக்கைக்கு ஒதுக்குங்கள். ஸ்பானிய எழுத்துகளோடு, பெருவிரலுக்குப் 'பெ', சுட்டுவிரலுக்குச் 'சு', நடுவிரலுக்கு 'ந', மோதிரவிரலுக்கு 'மோ' என்றும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை ஜதி போல வாயால் சொல்லிக்கொண்டே மீட்டும். பெற்றோரே, எந்தத் தரம் முடித்தாய் என்று கேட்பதோடு, இன்று எந்தக் காலத்தில் வாசித்தாய் என்றும் கேளுங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் பங்கு மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றைப் பேணுவோர் இசையாசிரியர் சிலரைக் கூட்டி, இருபது பக்கத்தில் ஒரு தமிழ்க் கைந்நூல் எழுதுவித்தால் அது இரு வட்டாரத்துக்கும் பொதுச்சொத்தாகும். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

அச்சுக்கூடங்களில் எழுத்தைக் கையால் கோத்த காலத்தில், தேர்ந்த கோப்பாளர் பெட்டியைப் பார்ப்பதில்லை. கை தானே எழுத்தைத் தேடிச் செல்லும். புதியவர்களை அவர்கள் விரட்டியதும் இல்லை. பிழையின்றிக் கோக்கப் பழகு, விரைவு உன்னைத் தேடி வரும் என்பார்கள். கிற்றார் பிடிக்கும் நம் பிள்ளைகளின் வலக்கைக்கும் அந்த அவகாசத்தை நாம் கொடுக்க வேண்டும்.